எம்.பி.பி.எஸ். இல்லாமல் பொதுச் சுகாதாரம் படிக்கலாமா?

தாராவியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், இந்த வருஷம் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடிக்கிறார். எம்.பி.எச். என்கிற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் சேர ஆசை. "டாக்டருக்குப் படிக்காம ஆஸ்பத்திரியில உனக்கு என்ன வேலை? லேப் வேலைக்குப் போ" என்று அப்பா சொல்கிறாராம். இது என்ன மாதிரிப் படிப்பு, மும்பையில் எங்கே படிப்பது, படித்தால் வேலை உண்டா, இங்கிலீஷைச் சமாளிக்க முடியுமா என்பவை அவர் கேள்விகள். நான் தேவ்னாரில் இதைப் படித்துவிட்டு, கிழக்குப் புறநகரில் இதே துறையில் வேலை பார்ப்பவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் எம்.பி.எச். படித்தவருக்குப் பெரிதாக வேலை கிடையாது. மருந்து எழுத முடியாது, ஊசி போட முடியாது, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவும் முடியாது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஆசை என்றால் அதற்கு எம்.எச்.ஏ. என்று தனிப் படிப்பு இருக்கிறது. எம்.பி.எச்.சின் வேலை, ஓர் ஆள் ஆஸ்பத்திரிப் படியேறும் நிலைமைக்கு ஏன் வந்தார் என்பதில் தொடங்குகிறது. அந்த வேலையின் அளவு என்ன என்று அப்பாவுக்கு விளக்க, நம் ஊரிலேயே நடந்த ஒரு காரியம் இருக்கிறது.

1998ல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள், சுமார் ஒன்றரை லட்சம் பேர். பகுதிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தார்கள். விலை உயர்ந்த மெஷின் எதுவும் இல்லை. வினிகரில் இருக்கிறதே, அந்த அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது. திசு கெட்டிருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்களா என்றால், இல்லை. பத்தாவது படித்துவிட்டு, சில வாரப் பயிற்சி எடுத்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர்கள். 2013ல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 31 சதவீதம் குறைவு.

அதே பெண்களுக்குக் கையால் மார்பகப் பரிசோதனையும் செய்தார்கள். அதன் இருபது வருஷக் கணக்கு 2021ல் வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது; 50க்குக் கீழே குறையவில்லை. பரிசோதனை என்றாலே நல்லதுதானே என்று நாம் பொதுவாக நினைப்போம். யாருக்குச் செய்தால் பலன், யாருக்குச் செய்தால் வீண் பயம் என்று பிரித்துப் பார்க்க இவ்வளவு ஆட்களும் இவ்வளவு வருஷமும் வேண்டியிருக்கிறது. கருப்பைவாய் ஆய்வுக்கு எதிர்ப்பும் எழுந்தது: ஒப்பிடுவதற்காக வைத்த மற்றக் குழுவில் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டது சரியா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எம்.பி.எச். வகுப்பில் இதை வைத்து ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போடலாம், போட வேண்டும்.

இப்போது அடுத்த கணக்கைப் பாருங்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. எல்லா மாநிலத்தையும்விட முன்னால் நிற்கும் தமிழ்நாட்டிலேயே நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. வழி தெரியும், செலவு குறைவு, செய்யக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை, எப்படி நடக்க வைப்பது என்பதுதான் இந்தப் படிப்பு. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் வீடு வீடாகப் போகும் இடங்களில் பெண்கள் சொல்லும் பதில்கள். "எனக்கு ஒண்ணும் வலி இல்லையேம்மா, எதுக்குப் பாக்கணும்?" "அங்க ஆம்பள டாக்டர் இருப்பாரு." "மாமியார்கிட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது?" இந்த மூன்றுக்கும் மூன்று விதமான ஏற்பாடு வேண்டும். முதலாவதற்குப் பேச்சு, இரண்டாவதற்குப் பெண் பணியாளர், மூன்றாவதற்கு மாமியாரையும் சேர்த்து முகாமுக்குக் கூப்பிடுவது. புற்றுநோய் நிபுணருக்கு இதற்கு நேரமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. உங்களுக்கு இருக்கும்.

படிப்பில் என்னென்ன வரும் என்று கேட்டால், எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராய்வது), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிர்ப் புள்ளியியல்), சுகாதாரக் கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம், சமூகவியல், சத்துணவு, சுற்றுச்சூழல், திட்ட நிர்வாகம், கடைசியில் களப்பணியும் ஓர் ஆய்வறிக்கையும். இரண்டு வருஷம். இந்தப் பட்டியலை எந்தக் கல்லூரி இணையதளத்திலும் பார்க்கலாம். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, முதல் இரண்டும் தரையில் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

மழைக்காலம். ஒரு சந்தில் ஏழெட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் ஆளுக்கொரு ரத்தப் பரிசோதனை எழுதி, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்புவார். நீங்கள் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போவீர்கள். முதல் வேலை, யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதை எழுதி வைப்பது: இந்தச் சந்தில் வசிப்பவர், இன்ன தேதிக்குப் பிறகு கண் மஞ்சளானவர். இதைக் கேஸ் டெஃபனிஷன் என்பார்கள். இது இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல்காரரும் கணக்கில் சேர்ந்துவிடுவார், எண்ணிக்கை ஊதிவிடும். இரண்டாவது வேலை, எந்தெந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று கேட்பது. ஹெப்படைட்டிஸ்-ஈ வைரஸாக இருந்தால் மற்றவர்களுக்கு வந்து போய்விடும், கர்ப்பிணிக்கு உயிராபத்து. அவர்களுக்குக் காய்ச்சிய தண்ணீர்தான் என்பதை அன்றைக்கே உறுதி செய்துவிட்டுத்தான் மற்றக் கணக்கெல்லாம்.

பிறகு வீடு வீடாக: வயது, எந்தத் தேதியில் தொடங்கியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எதில் பிடித்து வைக்கிறார்கள். எல்லோரும் முந்தா நாள் சாப்பிட்ட பானிபூரியைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த வைரஸ்கள் உடம்புக்குள் போய்க் கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம்கூட ஆகும். அதனால் நீங்கள் போன மாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். அப்போது ரோடு தோண்டினார்களா, பைப் உடைந்ததா, ஒருநாள் தண்ணீர் நாறியதா. தேதிகளை வரைபடத்தாளில் ஆளுக்கொரு கட்டமாக அடுக்கினால், சட்டென்று ஏறி இறங்கும் ஒரே மேடு வந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். மெல்ல நீண்டுகொண்டே போனால் மூலம் இன்னும் மூடப்படவில்லை.

மும்பை நிலைமை உங்களுக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் நாள் முழுக்க வராது. விடியற்காலையில் சில மணி நேரம் வரும், அதற்குள் பிடிக்க வேண்டும். மற்ற நேரம் பைப் காலி. அந்தப் பைப் சாக்கடையோடு சேர்ந்தோ நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாய்க்குள்ளேயோ ஓடும். எங்காவது ஒரு விரிசல் இருந்தால், காலிப் பைப்புக்குள் சாக்கடை கசியும். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் கசிவு இன்னும் அதிகமாகும். இதைச் சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஆர்த்தோ-டாலிடின் என்ற திரவத்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சந்து முனையில் பிடித்த தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகும். கடைசி வீட்டில் பிடித்தது நிறமே மாறாமல் நிற்கும். நடுவில் எங்கோ அழுக்கு உள்ளே வந்து குளோரினைத் தின்றிருக்கிறது. கையில் ஆதாரமாக இருப்பது அந்த இரண்டு குழாய்கள்தான். பொறியாளரிடம் போகும்போது அவைதான் பேசும்.

இனி கணக்கு. எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். மோட்டார் வைத்த 60 வீட்டில் 18 வீட்டில் காமாலை: 30 சதவீதம். மோட்டார் இல்லாத 90 வீட்டில் 9 வீட்டில்: 10 சதவீதம். மோட்டார் வீட்டுக்கு மூன்று மடங்கு ஆபத்து. அப்படியானால் மோட்டார்தான் காரணம் என்று எழுதிவிடலாமா? மோட்டார் வைத்த வீடெல்லாம் சந்தின் கோடியில்தானே இருக்கும், அங்கேதானே அழுத்தம் இல்லை? அப்போது காரணம் மோட்டாரா, கோடியில் இருப்பதா? முன்பகுதி வீடுகளையும் கோடி வீடுகளையும் தனித்தனியாகப் பிரித்து மறுபடி கணக்குப் போட வேண்டும். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் மாதக்கணக்கில் படிப்பதில் முக்கியமானது இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்கும் வழிகள்தான். இந்தச் சந்தேகம் தானாக வர ஆரம்பித்துவிட்டால் நீங்கள் பாதி தேறிவிட்டீர்கள்.

கணக்கு முடிந்தாலும் வேலை முடியாது. மோட்டாரைப் பிடுங்கு என்று மாநகராட்சிக்கு எழுதினால், கடைசி வீட்டுக்காரருக்குத் தண்ணீரே வராது. அவர் ஆசைக்கு மோட்டார் வைக்கவில்லை. பைப்பை மாற்று, அழுத்தத்தைக் கூட்டு என்று எழுத வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதுவரை குளோரின் மாத்திரை கொடுத்து, அதை வாசனைக்குப் பயந்து யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொள்கை, பொருளாதாரம், சமூகவியல் என்று பாடத்தில் இருப்பவை எல்லாம் இங்கேதான் உதவிக்கு வரும்.

சமூகவியல் எதற்கு என்று அறிவியல் படித்த பிள்ளைகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்த ஊரின் சரித்திரமே பதில். 1896ல் தென் மும்பையின் மாண்ட்வியில் பிளேக் வந்தபோது அரசாங்கம் வீடு புகுந்து சோதித்தது, நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனது. மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள், அவர்களோடு நோயும் போனது. நாம் கொரோனா காலத்தில் கேட்ட தொற்றுநோய்ச் சட்டம், 1897ல் அந்தப் பிளேக்குக்காகப் போட்டதுதான். அதே வருஷம் ஜனவரியில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி இங்கே பிளேக் தடுப்பூசி தயாரித்து, முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. 1898ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்காவில் மனை பிரித்தது. மாட்டுங்காவில் நம்மவர்கள் காய்கறியும் பூவும் வாங்கும் அந்த அகலத் தெருக்கள் அப்படி வந்தவை.

அதற்கும் கிட்டத்தட்ட 120 வருஷம் கழித்து, 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்து யார் யாருக்குக் கொரோனா வந்து போயிருக்கிறது என்று பார்த்தார்கள். மாட்டுங்காவும் சயானும் அடங்கிய எஃப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தகிசர் அடங்கிய ஆர் வடக்கு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் பொருள் இருந்தது, மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம். வார்டு ஒன்றுதான், தெரு மாறியதும் எண் இவ்வளவு மாறுகிறது. பொதுக் கழிப்பறையும் பத்துக்குப் பத்து அறையும் வைரஸுக்கு என்ன செய்து கொடுத்தன என்பதை மைக்ரோபயாலஜி மட்டும் படித்தால் பார்க்க முடியாது. நீங்கள் தாராவியில் வளர்ந்தவர், உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் பலருக்கு இதைப் புத்தகத்திலிருந்து விளக்க வேண்டியிருக்கும். உங்கள் இந்த அறிவை நேர்முகத் தேர்விலும் ஆய்வறிக்கையிலும் தயங்காமல் எடுத்து வையுங்கள்.

நோய்த்தடுப்பு என்றால் தடுப்பூசி மட்டும்தான் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டில் நடந்த ராஷன்ஸ் என்ற ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. இந்த ஆய்வில் நம் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்தது. நோயாளிக்கு அரசு தரும் சத்துணவுப் பணம் மாதம் 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1,000 ஆனது. அந்தப் பணம் கணக்கில் ஏறுகிறதா, ஏறினால் நோயாளி தட்டுக்கு வருகிறதா, குழந்தைகள் தட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது உங்களைப் போன்ற ஒருவரின் வேலையாக இருக்கும்.

எங்கே படிப்பது? மும்பையில் நான் முதலில் சொல்வது தேவ்னாரில் இருக்கும் டிஸ், டாடா சமூக அறிவியல் நிறுவனம். 1936ல் தொடங்கியது. அங்கே சமூக எபிடெமியாலஜியில் ஓர் எம்.பி.எச்., சுகாதாரக் கொள்கை-பொருளாதாரம்-நிதியில் ஓர் எம்.பி.எச். உண்டு. எம்.பி.பி.எஸ். தேவையில்லை. வகுப்பில் பல் டாக்டர், ஆயுர்வேதம், நர்சிங், சமூகப்பணி என்று கலவையாக இருப்பார்கள். கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் ஐ.ஐ.பி.எஸ்., 1956ல் தொடங்கிய மக்கள்தொகை ஆராய்ச்சி நிறுவனம். மேலே சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்துவது இவர்கள்தான். அங்கே படிப்பின் பெயர் மக்கள்தொகையியல், உயிர்ப் புள்ளியியல் என்று இருக்கும். எண்களோடு உட்கார்ந்து வேலை பார்ப்பதில் உங்களுக்கு ஆசை இருந்தால் எம்.பி.எச்.சைவிட அதுவே பொருத்தம் என்பேன். இரண்டுக்கும் க்யூட்-பி.ஜி. என்கிற தேசிய அளவிலான முதுகலை நுழைவுத் தேர்வு வழிதான், அது வழக்கமாக மார்ச்சில் வரும். கே.இ.எம்., சயான் போன்ற மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் கம்யூனிட்டி மெடிசின் எம்.டி. டாக்டர்களுக்கு மட்டும்.

வெளியூர் போக வீட்டில் ஒப்புக்கொண்டால் டெல்லி ஜே.என்.யு.வின் சமூக மருத்துவ மையம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், சென்னையில் தேசிய எபிடெமியாலஜி நிறுவனம், வேலூர் சி.எம்.சி. எல்லாம் நல்ல பெயர் எடுத்தவை. சிலவற்றில் டாக்டர்களுக்கு முன்னுரிமை, தகுதி விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இதற்கப்பால் தனியார் கல்லூரி எம்.பி.எச்.கள் ஏராளமாக முளைத்திருக்கின்றன, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் வரும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி அவற்றில் சேராதீர்கள். நான் ஒரு கல்லூரியை எடைபோடக் கேட்பவை இரண்டே: களப்பணி எத்தனை வாரம், யார் கூட வந்து மேற்பார்வை செய்கிறார்கள்? மாணவர்களே சேகரித்த தகவலை மாணவர்களே கணினியில் அலசி எழுதிய ஆய்வறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து இவற்றைக் கேட்டால் கால்மணி நேரத்தில் உண்மை வந்துவிடும்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தாராவிக் குடும்பங்களில் நிறையப் பேர் தவறவிடுவது. இடஒதுக்கீட்டுக்கு உரிமை இருந்தால் சான்றிதழை இப்போதே தேடுங்கள். திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த குடும்பத்துக்குச் சாதி அந்தஸ்து தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வரும். மகாராஷ்டிர மாநிலச் சலுகைகளில் அது பல நேரம் செல்லாது. டிஸ், ஐ.ஐ.பி.எஸ். மாதிரி மத்திய அளவிலான நிறுவனங்கள் மத்திய அரசுப் படிவத்தில் கேட்பார்கள். தாத்தா அல்லது அப்பா பெயரில் உள்ள ஊர்ச் சான்றிதழை வைத்து வாங்க நாள் பிடிக்கும். தேர்வு முடிவு வந்த பிறகு ஊருக்கு ரயிலேறினால் நேரம் போதாது.

வேலை கிடைக்குமா? கிடைக்கும். நிலையான வேலையா என்றால் பெரும்பாலும் இல்லை, இதை மறைக்கக் கூடாது. காசநோய்த் திட்டம், நோய்க் கண்காணிப்புத் திட்டம், நகர்ப்புறச் சுகாதாரத் திட்டம் போன்றவற்றில் வரும் இடங்கள் ஒப்பந்தத்தில்தான், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. மாவட்ட எபிடெமியாலஜிஸ்ட் மாதிரிப் பதவிகளுக்கு டாக்டர்களும் போட்டியிடுவார்கள், பல விளம்பரங்களில் அவர்களுக்கே முதலிடம். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் 1939லேயே போட்ட சட்டமும் இருந்தாலும், அங்கேயும் அந்த அதிகாரிப் பதவிகள் மருத்துவர்களுக்கானவை. டாக்டரல்லாதவர்களுக்கு வாய்ப்பு அதிகம் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும்தான். மும்பையில் 1999லிருந்து தாய்-சேய் நலத்தில் வேலை செய்யும் ஸ்னேஹா போன்றவை தாராவியிலேயே இருக்கின்றன. ஆனால் அந்த உலகமும் பண உதவியை நம்பி ஓடுவது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, இங்கே பல திட்டங்கள் பாதியில் நின்றன, நன்றாக வேலை செய்தவர்களும் வெளியே வந்தார்கள்.

நான் பார்த்தவரை, அந்த மாதிரி நேரத்திலும் சீக்கிரம் வேறு இடம் பிடித்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளில் தகவலைச் சுத்தம் செய்து, அலசி, பத்துப் பக்கத்தில் புரியும்படி எழுதத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் விடாது. வகுப்பில் பாதிப்பேர் புள்ளியியலைக் கண்டு ஒதுங்குவார்கள். நீங்கள் ஒதுங்காதீர்கள். மைக்ரோபயாலஜி கையில் இருக்கிறது, அதோடு புள்ளியியலும் சேர்ந்தால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய், தண்ணீர் வழி நோய்கள், ஆன்டிபயாடிக் பயன்பாடு என்று இந்த நகரத்துக்கு மிகத் தேவையான வேலைகள் உங்களுக்காக இருக்கின்றன. லேப் வேலையை அப்பா சொல்வதும் வீணில்லை. வீட்டில் பணம் இறுக்கமாக இருந்தால் ஒரு வருஷம் லேபில் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். சளி மாதிரி எப்படி வருகிறது, எத்தனை மாதிரி கெட்டுப்போகிறது, முடிவு நோயாளி கைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது என்று உள்ளிருந்து பார்த்தவருக்கு எம்.பி.எச். வகுப்பு வேறு மாதிரிப் புரியும். வேலை பார்த்துக்கொண்டே முழுநேர எம்.பி.எச். முடியாது, களப்பணி அனுமதிக்காது.

இங்கிலீஷ் பற்றி. வகுப்பு, தேர்வு, ஆய்வறிக்கை எல்லாம் இங்கிலீஷ்தான். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும். ஆனால் துறையின் எழுத்தில் அலங்காரம் கிடையாது, ஒரே மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். இப்போதிலிருந்து வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் எடுத்து, யாரைப் பற்றி, எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், என்ன கிடைத்தது என்று நாலு வரி தமிழில் எழுதிப் பாருங்கள். பிறகு அதையே இங்கிலீஷில் எழுதுங்கள். மேலே சொன்ன டாடா ஆய்வும் ராஷன்ஸ் ஆய்வும் தொடங்க ஏற்றவை, இரண்டும் இணையத்தில் கிடைக்கும். இன்னொரு பக்கம், தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் ஒரு வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிந்தவர் களத்தில் எவ்வளவு அரிது என்பது போன பிறகு உங்களுக்கே தெரியும். கேள்வித்தாளை இங்கிலீஷிலிருந்து பேச்சுத் தமிழுக்கு மாற்றிக் கேட்பது தனித் திறமை. உங்களுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

தேர்வுக்கு முன்னால் உங்கள் பகுதி ஹெல்த் போஸ்டுக்கு, அதாவது மாநகராட்சியின் சின்னச் சுகாதார மையத்துக்குப் போய், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தொண்டர் அக்காக்கள் யாருடனாவது சில காலை வேளைகள் கூடப் போக முடியுமா என்று கேளுங்கள். மெடிக்கல் ஆபீசரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அவர்கள் ஒரு வீட்டில் எதை முதலில் கேட்கிறார்கள், எதைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறார்கள், எந்த வீட்டுக் கதவு திறப்பதே இல்லை என்று குறித்து வையுங்கள்.  விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு' என்று கேட்கும் இடத்தில் எழுதுவதற்கு அந்தக் குறிப்புகள் போதும்.